என்ன குறைகிறது என்று சொல்லாத எரர் மெசேஜ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் 14 வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். உங்கள் கடிதப் பகுதியில் மழைநீர் வடிகால், தெருவிளக்கு, நேரத்துக்கு வராத பஸ் என்று வாசகர்கள் எழுதுவதைத் தவறாமல் படிப்பவன். நான் எழுத வந்திருப்பது கம்ப்யூட்டர் திரையில் வருகிற ஒரு வரியைப் பற்றி. டெஸ்டிங் டூல்களில் ஏதாவது ஒன்று இன்ஸ்டால் ஆகாமல் இருந்தால் வருமே, அந்த எரர் மெசேஜ். இதைப் போய் பத்திரிகைக்கு எழுதுவானேன் என்று கேட்கலாம். சென்னையில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது ஒரு பிள்ளை இந்த வேலையில் இருக்கிறது, அல்லது இந்த வேலைக்காக வேளச்சேரியிலோ தி.நகரிலோ ஏதோ ஒரு மாடியில் கோர்ஸ் படித்துக்கொண்டிருக்கிறது, அதில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள், தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள். அந்தப் பிள்ளைகளை அழ வைக்கிற விஷயம் இது. நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் டீமில் ஒரு பெண் சேர்ந்தார். கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு கிராமம், பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, அப்புறம் இன்ஜினியரிங். கெட்டிக்காரப் பெண். சேர்ந்த இரண்டாம் நாள், புராஜெக்ட் கோடை இறக்கி டெஸ்ட்டுகளை ஒரு தடவை ஓட்டிப் பாரும்மா என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் மத்தியானம் வரை அவரிடமிருந்து சத்தமே இல்லை. சாப்பிட்டுவிட்டு அவர் இருக்கைக்குப் போனால், லேப்டாப் பக்கத்தில் ஒரு நோட்டு விரித்து வைத்திருக்கிறார். திரையில் பைடெஸ்ட், அதாவது எங்கள் டெஸ்ட்டுகளை ஓட்டுகிற டூல், காட்டிய இந்த வரி: 'பைடெஸ்ட்: எரர்: அன்ரெகக்னைஸ்டு ஆர்க்யுமென்ட்ஸ்: --கவ்=எஸ்ஆர்சி'. நோட்டில் நீல மையில், 'அன்ரெகக்னைஸ்டு - அடையாளம் தெரியாத'. அதற்குக் கீழே 'ஆர்க்யுமென்ட் - வாதம், விவாதம்'. அதற்கும் கீழே 'கவ்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி, அந்தக் கேள்விக்குறியின் மேலேயே பேனா பலமுறை ஓடி, தாள் கிழிகிற அளவுக்குப் போயிருந்தது.

"அண்ணா, நான் அந்த வார்த்தையை அடிக்கவே இல்ல. வெறும் பைடெஸ்ட்னு மட்டும்தான் அடிச்சேன். நேத்துலேருந்து அடிச்சு அடிச்சுப் பார்க்கிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்தச் சொல் அவர் அடித்ததே இல்லை. புராஜெக்ட்டின் அமைப்புகளை எழுதி வைக்கிற கான்ஃபிக் ஃபைலில், டெஸ்ட் ஓடும்போதெல்லாம் கவரேஜும் (கோடில் எவ்வளவு பகுதியை டெஸ்ட்டுகள் தொட்டன என்கிற அளவு) கணக்கெடுக்கட்டும் என்று நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. சேர்த்தவன் நான்தான். அந்த வரி வேலை செய்ய வேண்டுமென்றால் பைடெஸ்ட்-கவ் என்கிற பிளக்-இன், அதாவது கூடுதலாகச் சேர்க்கிற துணைப் பகுதி, வேண்டும். என் மெஷினில் அது எப்போதோ ஏறிவிட்டது, மற்றவர்கள் மெஷினிலும் இருக்கிறது. புது லேப்டாப்பில் இல்லை. பைடெஸ்ட் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கிறது, '--கவ்' என்று ஒரு சொல்லைப் பார்க்கிறது, இது எனக்குத் தெரியாத சொல்லாச்சே என்று நின்றுவிடுகிறது. எரருக்குக் கீழே அந்த ஃபைல் இருக்கிற பாதையையும் காட்டத்தான் செய்கிறது, ஆனால் 'நீ அடித்ததில் தப்பில்லை, இந்தச் சொல் இந்த ஃபைலிலிருந்து வந்தது' என்று எங்கள் ஆபீசில் இருக்கிற பதிப்பு சொல்வதில்லை. தீர்வு ஒரே ஒரு இன்ஸ்டால் கமாண்ட். பத்து செகண்ட் வேலை. அதற்கு ஒரு பெண்ணின் ஒன்றரை நாள் போனது, அதைவிட மோசம், தனக்கு இந்த வேலை வராது போலிருக்கிறது என்று அந்த ஒன்றரை நாளும் அவர் நினைத்துக்கொண்டிருந்தது.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எந்த சாஃப்ட்வேரும் தனியாக நிற்பதில்லை, வேறு பத்து சாஃப்ட்வேரின் தோளில் ஏறித்தான் நிற்கும். அந்தப் பத்தைத்தான் டிபெண்டன்சி என்கிறோம். சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கூடவே இணைக்கிற ஜெராக்ஸ்களைப் போல. என் அக்கா மகனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, விண்ணப்பம் 'ஆவணங்கள் போதவில்லை' என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. எந்த ஆவணம்? ரேஷன் கார்டா, டிசியா, தாத்தா படிக்கவில்லை என்பதற்கு ஏதாவதா? தெரியாது. மூன்று முறை அலைந்தோம். இன்ன காகிதம் குறைகிறது, இன்ன இடத்தில் வாங்கி வா என்று ஒரு வரி சேர்த்திருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். டெஸ்டிங் டூல்கள் எங்களை அலைய விடுவதும் இதே மாதிரிதான், ஒரு நாளைக்குப் பல தடவை.

பைத்தான் என்கிற புரோகிராம் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடில் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்வது மாட்யூல், அதை இன்ஸ்டால் செய்யக் கிடைக்கிற பொட்டலம் பேக்கேஜ். 'நோ மாட்யூல் நேம்டு யாமல்' என்று வருகிறது. சரி, யாமல் இல்லை, இன்ஸ்டால் செய்யலாம் என்று அதே பெயரைப் போட்டுத் தேடுவார் புதிதாக வந்தவர். ஆனால் அந்தப் பேக்கேஜின் பெயர் பைஒய்ஏஎம்எல். கோடில் சிவி2 என்று எழுதுவோம், இன்ஸ்டால் செய்ய வேண்டியது ஓப்பன்சிவி-பைத்தான். பிஐஎல் என்று கேட்கும், அதற்கு பில்லோ. பிஎஸ்4 என்று கேட்கும், அதற்கு பியூட்டிஃபுல்சூப்4. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் வேறொன்று. தெரிந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, தெரியாதவர்கள் ஊகித்துத்தான் அடிப்பார்கள். அதில் ஆபத்தும் இருக்கிறது. பைத்தான் பேக்கேஜ்கள் இருக்கிற பொதுக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் வேறு யாரும் எடுக்காத ஒரு பெயரில் ஒன்றைக் கொண்டுபோய் வைக்கலாம், பிரபலமான பெயரைப் போலவே ஒரு எழுத்து மாற்றி வைத்து அதற்குள் திருட்டுக் கோடைப் பதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், இது பலமுறை நடந்தும் இருக்கிறது. கம்பெனி மெஷினில் உட்கார்ந்து ஒரு ஃப்ரெஷர் பெயரை ஊகித்து இன்ஸ்டால் செய்கிற நிலைமையை அரைகுறை எரர் மெசேஜ்தான் உண்டாக்குகிறது. சைக்கிட்-லேர்ன் லைப்ரரிக்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். கோடில் எஸ்கே-லேர்ன் என்றுதான் எழுதுவோம், அதே பெயரில் யாராவது இன்ஸ்டால் செய்ய வந்தால், இது பழைய பெயர், சைக்கிட்-லேர்ன் என்று போட்டு இன்ஸ்டால் செய்யுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பும்படி வைத்திருக்கிறார்கள். பெயரைத் தப்பாகப் போட்டவரைக்கூட அப்படியே விட்டுவிடாமல் வழி காட்டுகிறார்கள்.

பைத்தானையே குறை சொல்லவும் முடியாது. எந்த மாட்யூல் எந்தப் பேக்கேஜிலிருந்து வருகிறது என்று அந்த மொழிக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்த மாட்யூலைத் தன் டூலில் பயன்படுத்தியவருக்குத் தெரியுமே! அவர் ஒரு நாலு வரி எழுதி அந்த இடத்தில் பிடித்துக்கொண்டால் போதும். டேட்டாவைக் கையாளுகிற பாண்டாஸ் லைப்ரரி இதைச் செய்கிறது. டெஸ்ட் டேட்டாவை எக்செல்லில் வைத்திருக்கிற டீம்களில் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள், எக்செல் ஃபைலைத் திறக்கிற லைப்ரரி இல்லாவிட்டால், 'விருப்பத் தேர்வான டிபெண்டன்சி ஓப்பன்பைஎக்ஸ்எல் இல்லை, பிப் அல்லது காண்டா மூலம் ஓப்பன்பைஎக்ஸ்எல்லை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லிவிடும். படித்தவுடன் கை தானாக வேலை செய்யும்.

நல்லது செய்கிறவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். பிளேரைட் இருக்கிறது, பிரவுசர் டெஸ்டிங்குக்கு இன்று பலரும் பயன்படுத்துவது. அதை இன்ஸ்டால் செய்துவிட்டு பிரவுசரை இறக்க மறந்துவிட்டால், இப்போதுதான் இன்ஸ்டால் செய்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, பிரவுசர்களை இறக்க இந்தக் கமாண்டை ஓட்டுங்கள் என்று ஒரு கட்டம் கட்டி நடுவில் அந்தக் கமாண்டையே எழுதிக் காட்டும். லினக்ஸில் பிரவுசருக்கு வேண்டிய சிஸ்டம் லைப்ரரிகள் இல்லையென்றால் அதற்கும் தனியாக ஒரு மெசேஜ், தனியாக ஒரு கமாண்ட். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட்டுகளை ஓட்டுகிற ஜெஸ்ட்டில் 28ஆம் பதிப்பிலிருந்து, பிரவுசர் இல்லாமலே பிரவுசர் போல நடிக்கிற ஜேஎஸ்டாம் சூழலைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள், அதனால் பல கம்பெனிகளில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான டெஸ்ட்டுகள் நின்றிருக்கும், ஆனால் 'ஜெஸ்ட் 28 முதல் இது கூடவே வருவதில்லை, தனியாக இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று மெசேஜிலேயே காரணத்தோடு எழுதியிருந்தார்கள். எங்கள் டீமில் அன்று யாரும் பதறவில்லை, காபி ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டோம். உபுண்டுவில் இல்லாத கமாண்டை அடித்தால் இதை இப்படி இன்ஸ்டால் செய்யலாம் என்று சொல்கிறதே, நான் லினக்ஸ் கற்றுக்கொண்டதே பாதி அந்த வரியால்தான்.

பிரவுசர் டெஸ்டிங்குக்கான இன்னொரு டூலான செலீனியத்துக்கும் ஒரு வார்த்தை. க்ரோம் தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், க்ரோமை இயக்குகிற க்ரோம்டிரைவர் பழையதாகவே இருக்கும், திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் எல்லா டெஸ்ட்டும் சிவப்பு. அந்தக் காலத்தில் வந்த மெசேஜ் பரவாயில்லை, இந்த டிரைவர் இந்தப் பதிப்பு க்ரோமுக்குத்தான் சரி, உங்களிடம் இருப்பது இந்தப் பதிப்பு என்று இரண்டு எண்ணையும் சொல்லும். 2022இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து செலீனியம் மேனேஜர் என்று ஒன்றைக் கூடவே சேர்த்து, டிரைவர் இல்லையென்றால் தானே தேடி இறக்கிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். இல்லை என்று சொல்வதைவிட எடுத்து வந்து கொடுத்துவிடுவது இன்னும் நல்லது, முடிகிற இடத்தில்.

ஆனால் சில மெசேஜ்கள் பொய்யே சொல்கின்றன. புரோகிராம்களைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிற டாக்கரில் ஆல்பைன் என்கிற லினக்ஸை வைத்துக்கொண்டு, வேறு லினக்ஸுக்காகத் தயாரான ஒரு புரோகிராமை ஓட்டினால் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று வரும். ஃபைல் கண் முன்னால் இருக்கிறது. பட்டியலில் தெரிகிறது, அனுமதிகள் சரியாக இருக்கின்றன. உண்மையில் இல்லாதது அந்தப் புரோகிராமை நினைவகத்தில் ஏற்றுகிற லோடர் என்கிற இன்னொரு ஃபைல், அதன் பெயர் அந்தப் புரோகிராமின் வயிற்றுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. எது இல்லையோ அதன் பெயரைச் சொல்லாமல் எது இருக்கிறதோ அதை இல்லை என்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்து அஞ்சாறு வருடம் ஆன பிறகும் இதில் ஒரு ராத்திரி முழுக்க மாட்டியிருக்கிறேன். விண்டோஸிலும் இதே கதைதான், டிஎல்எல் என்கிற லைப்ரரி ஃபைலை ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை என்று சொல்லும், குறிப்பிட்டது எது என்று மட்டும் குறிப்பிடாது. ஜாவாவில் டெஸ்ட் எழுத உதவுகிற ஜேயூனிட்டின் 4.11 பதிப்பு வந்தபோது, அதுவரை உள்ளேயே இருந்த ஹாம்க்ரெஸ்ட் என்கிற லைப்ரரியைத் தனியாக எடுத்துவிட்டார்கள். ஜாவா லைப்ரரிகள் வருகிற ஜார் ஃபைலைக் கையால் எடுத்துப் போட்டுப் பழகிய மாணவர்களுக்கு 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்: ஆர்க்/ஹாம்க்ரெஸ்ட்/செல்ஃப்டிஸ்கிரைபிங்' என்று வந்தது. ஹாம்க்ரெஸ்ட் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள், தாங்கள் எழுதாத ஒரு கிளாஸைத் தங்கள் கோடில் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மேடவாக்கத்தில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அங்கே இதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது மெசேஜே வராமல் போவது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லோருடைய கோடையும் சேர்த்து டெஸ்ட்டுகளை ஓட்டுகிற எங்கள் பில்டு மெஷினின் டாக்கர் இமேஜை, அதாவது வேண்டிய எல்லாம் ஏற்றி வைத்த தொகுப்பை, யாரோ சுத்தம் செய்து சின்னதாக்கினார்கள். அதில் டேட்டாபேஸ் டிரைவர் ஒன்று விடுபட்டுப்போனது. எங்கள் டெஸ்ட் கோடில் அந்த டிரைவர் இல்லாவிட்டால் அந்த டெஸ்ட்டுகளை ஸ்கிப் செய்துவிடு, அதாவது ஓட்டாமல் தாண்டிவிடு என்று எழுதியிருந்தது. டேட்டாபேஸ் இல்லாத டெவலப்பர்கள் லேப்டாப்பில் சிரமப்படக் கூடாது என்று நல்லெண்ணத்தில் எழுதியதுதான். விளைவு, ராத்திரி தானாக ஓடுகிற டெஸ்ட் வரிசை, அந்த பைப்லைன், தினமும் பச்சை. பதினோரு நாள் பச்சை. கட்டணக் கணக்கைச் சரிபார்க்கிற டெஸ்ட்டுகள் அத்தனையும் ஓடவே இல்லை, கடைசி வரியில் மஞ்சள் நிறத்தில் ஸ்கிப் ஆன எண்ணிக்கை மட்டும் இருந்தது, பச்சையைப் பார்த்துப் பழகிய கண் அந்த மஞ்சளைப் பார்ப்பதில்லை. தப்பான தொகையோடு பில் வாடிக்கையாளர்களுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். பில்டு மெஷினில் டிபெண்டன்சி இல்லையென்றால் ஸ்கிப் கிடையாது, நேராகச் சிவப்பு. லேப்டாப்பில் வேண்டுமானால் ஸ்கிப், அதுவும் பைடெஸ்ட் கமாண்டில் '-ஆர்எஸ்' போட்டு ஓட்டி, ஏன் ஸ்கிப் ஆனது என்கிற காரணம் கீழே அச்சாக வேண்டும். டூல் செய்கிறவர்களும் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள் என்பதைப் பார்க்க ஆறுதலாக இருக்கிறது. பைத்தான் 3.12இல் அதோடு கூடவே வருகிற யூனிட்டெஸ்ட் டூல், ஒரு டெஸ்ட்கூடக் கண்ணில் படாவிட்டால் வெற்றி என்று சொல்வதை நிறுத்திவிட்டு, சரியாக முடியவில்லை என்பதற்கு அடையாளமாக 5 என்கிற எக்சிட் கோடைத் தருகிறது. பைடெஸ்ட்டில் அசிங்க் டெஸ்ட்டுகளுக்கு (ஒன்று முடியக் காத்திருக்காமல் பல வேலைகள் சேர்ந்து நடக்கிற கோடுக்கானவை) வேண்டிய பிளக்-இன் இல்லாவிட்டால் முன்பு எச்சரிக்கை காட்டி ஸ்கிப் செய்யும், 8.4இலிருந்து ஃபெயில் ஆக்குகிறது, பொருத்தமான பிளக்-இன்களின் பெயரையும் பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. அந்தக் கள்ளக்குறிச்சிப் பெண்ணின் சிக்கலுக்கும் பைடெஸ்ட்டில் 2020இல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே மருந்து இருக்கிறது. வேண்டிய பிளக்-இன்கள் இன்னின்ன என்று கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி எழுதி வைத்தால், இல்லாதபோது 'வேண்டிய பிளக்-இன் இல்லை: பைடெஸ்ட்-கவ்' என்று பெயரோடு சொல்லிவிடும். அந்த வரியை நாலு வருடமாக நான் எழுதி வைக்கவில்லை. டூலை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன், டூலைப் பயன்படுத்துகிறவர்களும் செய்ய வேண்டிய வேலை இது.

சரி, ஒரு மெசேஜ் எப்படி இருக்க வேண்டும்? எது இல்லை, அதைக் கேட்டது யார், எங்கே தேடிப் பார்த்தோம், இப்போது நீ என்ன அடிக்க வேண்டும், இவ்வளவுதான். கேட்டது யார் என்பதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அதுதான் ஆளை நிம்மதியாக்குகிறது, நான் எதுவும் கெடுக்கவில்லை, இன்ன ஃபைலின் இன்ன வரிக்கு இது வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. எங்கே தேடினோம் என்பதும் முக்கியம், ஏனென்றால் ஒரே மெஷினில் இரண்டு பைத்தான் இருக்கும், இன்ஸ்டால் ஒன்றில் நடக்கும், டெஸ்ட் இன்னொன்றில் ஓடும், இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று ஒரு பக்கம் காட்டும், இல்லை என்று இன்னொரு பக்கம் காட்டும், பிள்ளை நடுவில் நின்று முழிக்கும். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று மெசேஜில் ஒரு பாதை இருந்தால் அந்த முழி இல்லை.

இதில் அரைகுறையாகச் செய்வதால் வருகிற தப்பு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இம்போர்ட், அதாவது மாட்யூலைக் கோடில் சேர்ப்பது, ஃபெயில் ஆனால் உடனே 'இன்ன பேக்கேஜை இன்ஸ்டால் செய்' என்று சொல்லும்படி எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பேக்கேஜ் இருக்கும், அதற்குள்ளே இருக்கிற வேறு ஏதோ ஒன்று உடைந்திருக்கும். இன்ஸ்டால் செய் என்று சொல்கிறதே என்று பத்து முறை இன்ஸ்டால் செய்வார்கள், ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வரும். ஓப்பன்சிவி இருக்கும், ஆனால் டாக்கருக்குள் கிராபிக்ஸ் லைப்ரரி லிப்ஜிஎல் இருக்காது, அப்போது ஓப்பன்சிவியைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து என்ன ஆகப்போகிறது? பைத்தான் 3.6இலேயே மாட்யூல் காணோம் என்பதற்கும் இம்போர்ட் வேறு காரணத்தால் கெட்டது என்பதற்கும் தனித்தனி எரர் வந்துவிட்டது. காணாமல் போனது நாம் கேட்ட அதே பெயர்தானா என்று பார்த்துவிட்டு, ஆமாம் என்றால் மட்டும் இன்ஸ்டால் செய்யச் சொல்ல வேண்டும். மற்றபடி, பழைய எரரை மறைக்காமல் அதையும் கீழே காட்ட வேண்டும்.

எங்கள் ஆபீசிலேயே சில சீனியர்கள் இதற்கெல்லாம் நேரம் எங்கே, டெவலப்பர் என்றால் புரோகிராம் எழுதி வைக்கிற லாக் படிக்கத் தெரிய வேண்டாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் ஒத்துப்போக முடியவில்லை. லாக் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்தான், அதற்கு லாக்கில் படிக்க ஏதாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் கமாண்ட் வேறு, எதைச் சொல்வது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. டெபியன் லினக்ஸில், ஒரு புராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கிற பைத்தானின் வெர்ச்சுவல் சூழலை உருவாக்கப் போனால், வேண்டியது இல்லை, டெபியன், உபுண்டு சிஸ்டங்களில் இந்தப் பேக்கேஜை இப்படி இன்ஸ்டால் செய்யுங்கள் என்று தன் சிஸ்டத்துக்கான கமாண்டை மட்டும் சொல்கிறது. எல்லா ஊருக்கும் வழி சொல்ல வேண்டாம், நிற்கிற ஊருக்குச் சொன்னால் போதும். அது தெரியாவிட்டால் பேக்கேஜின் சரியான பெயரையாவது சொல்லலாம்.

மெசேஜையும் டெஸ்ட் செய்ய வேண்டும் என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. எல்லாம் ஏற்றப்பட்ட மெஷினில் உட்கார்ந்துகொண்டு எதுவும் இல்லாத மெஷினில் என்ன நடக்கும் என்று தெரியாது. பைத்தானில் ஒரு மாட்யூலை இல்லாதது போலக் காட்ட வழி இருக்கிறது, ஏற்றிய மாட்யூல்களைக் குறித்து வைக்கிற சிஸ்.மாட்யூல்ஸ் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே 'நன்' (எதுவும் இல்லை) என்று வைத்துவிட்டால் அடுத்த இம்போர்ட் மாட்யூல் இல்லை என்று விழும், அப்போது நம் மெசேஜ் சரியாக வருகிறதா, பேக்கேஜ் பெயர் அதில் இருக்கிறதா என்று டெஸ்ட் எழுதிவிடலாம். நாங்கள் வாரம் ஒரு முறை காலியான டாக்கர் கன்டெய்னரில் புராஜெக்ட்டின் குறிப்பு ஃபைலான ரீட்மீயில் எழுதியிருப்பதை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்க்கிறோம். முதல் வாரமே ஆறு இடத்தில் நின்றது.

தமிழில் எரர் மெசேஜ் வர வேண்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு பையன் கேட்டான். எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைய நிலையில் எரர் வந்தவுடன் அதை அப்படியே காப்பி செய்து இணையத்தில் தேடுகிறோம், அதே ஆங்கில வரி இருந்தால்தான் உலகத்தில் வேறு யாரோ எழுதி வைத்த பதில் கிடைக்கிறது. அதனால் மெசேஜ் எளிய ஆங்கிலத்தில், சின்ன வாக்கியங்களாக, கூடவே ஒரு எரர் எண்ணோடு இருக்கட்டும். ரஸ்ட் மொழியில் எரர் எண்ணைக் கொடுத்தால் உதாரணத்தோடு முழு விளக்கம் வருகிறது, அப்படி ஒரு எண் இருந்தால் அதற்குத் தமிழ் விளக்கத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். 'ஆர்க்யுமென்ட்' என்பதற்கு 'வாதம்' என்று அகராதி தருகிற பொருளை நோட்டில் எழுதி வைத்து அந்தப் பெண் தவித்த மாதிரி இன்னொருவர் தவிக்க வேண்டாம்.

கல்லூரிகளிடமும் பயிற்சி நிலையங்களிடமும் ஒரு வேண்டுகோள். லேப் மெஷின்களில் எல்லாவற்றையும் நீங்களே ஏற்றி வைத்துவிடுகிறீர்கள். பாடம் தடையில்லாமல் போகட்டும் என்றுதான், புரிகிறது. ஆனால் அங்கே நாலு வருடம் எல்லாம் ஓடிய பிள்ளை, வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் காலியான லேப்டாப்பின் முன்னால் தனியாக உட்கார்கிறது. செமஸ்டருக்கு ஒரே ஒரு வகுப்பு, எதுவும் இல்லாத மெஷினைக் கொடுத்து, டெஸ்ட்டை ஓட வை என்று விடுங்கள். வருகிற ஒவ்வொரு எரரையும் எழுதி, எது இல்லை, கேட்டது யார் என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். புராஜெக்ட்டுக்கு மார்க் போடும்போது, ஏதாவது இல்லாதபோது இவர்கள் புரோகிராம் என்ன சொல்கிறது என்று பார்த்து அதற்கும் இரண்டு மார்க் வையுங்கள். உங்கள் பத்திரிகையின் கல்வி இணைப்பில் வாரம் ஒரு எரர் மெசேஜை எடுத்துத் தமிழில் விளக்கினால், கேட்கும்போதெல்லாம் எழுதித் தர நான் தயார், என் போல் இன்னும் பலர் வருவார்கள்.

அந்தப் பெண் இப்போது நன்றாக வேலை செய்கிறார். போன வெள்ளிக்கிழமை எங்கள் உள் டூல் ஒன்றுக்கு ஒரு மாற்றம் அனுப்பியிருந்தார், யாரும் கேட்காமல் தானாகவே. ரிப்போர்ட் தயாரிக்கிற லைப்ரரி இல்லாவிட்டால் முன்பு இருபது வரி சிவப்பாக ஓடி நிற்கும். இப்போது எளிய ஆங்கிலத்தில் மூன்று வரி, தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ரிப்போர்ட் எழுத ஜின்ஜா2 வேண்டும், அது இந்தப் பைத்தானில் இல்லை. கேட்டது: ரிப்போர்ட் ஃபோல்டரில் உள்ள டெம்ப்ளேட் ஃபைல். இன்ஸ்டால் செய்ய இந்தக் கமாண்டை ஓட்டவும், நீங்கள் எழுதிய டெஸ்ட்டில் தவறு ஏதும் இல்லை.' கடைசி வாக்கியம் தேவையா என்று ரிவ்யூவில் ஒருவர் கேட்டிருந்தார். தேவை, இருக்கட்டும் என்று எழுதி நான் ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர்,
மேடவாக்கம், சென்னை - 100